மூணு முழுக்கு

மார்கழி பிறந்து நான்காம் நாள், ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், நாகமுத்து படகிலேயே மூத்திரம் பெய்துவிட்டான். பால்குடி மறக்காத பிள்ளை அல்ல, நாற்பத்திரண்டு வயது ஆம்பளை. ஆஸ்பத்திரி வாசலில் ஒருமுறை, பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இரண்டு முறை, சுண்ணாம்புகுளம் துறையில் கருவேல மரத்தடியில் ஒருமுறை என்று வழியெல்லாம் போய்க்கொண்டேதான் வந்தான். அப்படியும் ஏரி நடுவில் முட்டிக்கொண்டது. எழுந்து நின்று ஓரமாக விடலாமென்றால் கால் தள்ளாடியது. உட்கார்ந்தபடியே வேட்டியோடு விட்டுவிட்டான். படகின் அடியில் தேங்கிக் கிடந்த மீன் கழுவிய தண்ணீரோடு அதுவும் சேர்ந்து, எதிரில் இருந்த செங்கம்மாளின் கால்விரல் இடுக்குகளில் வெதுவெதுவென்று வந்து நின்றது.

அவள் காலைத் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டாள்.

“சீ. இன்னா மனுசன்யா நீ.”

நாகமுத்து நனைந்த வேட்டியைக் கால்களுக்கு இடையில் சுருட்டிக்கொண்டான். படகைக் கழி போட்டுத் தள்ளிக்கொண்டிருந்த குப்பன் நாகமுத்துவின் சித்தப்பன் மகன், வலைக்கூட்டாளியும்கூட. அவன் காதில் எதுவும் விழாதவன்போல் நாரைக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். விழாமல் இருக்குமா? ஊருக்குப் போனதும் அவன் சொல்லாவிட்டாலும் படகின் நாற்றம் சொல்லிவிடும்.

செங்கம்மாளுக்கு எல்லாமே குமட்டிக்கொண்டு வந்தது. விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ‘அடிச்சிக்கிது, அடிச்சிக்கிது’ என்று கண் செருகக் கிடந்தவன் இவன். படகில் போட்டு ஏரியைத் தாண்டி, பஸ் பிடித்துக் கும்மிடிப்பூண்டி ரோட்டிலிருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் உட்கார வைத்தால், அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருந்தான். கிரேஸ் என்ற நர்சம்மா மணிக்கட்டைப் பிடித்து எண்ணிப் பார்த்து எழுபத்தெட்டு என்றாள். டாக்டரம்மா குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நெஞ்சு நல்லாத்தான் இருக்குது, மனசுல இன்னா கவலை, வீட்டில் சண்டையா என்று செங்கம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். கடைசியில் சத்துக்கு ஒரு செவப்பு மருந்து. போன கார்த்திகையிலும் இதே கதை, இதே செவப்பு மருந்து. அந்த பாட்டிலே இன்னும் பாதி இருக்கிறது.

மேட்டுக்குப்பம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த மணல்திட்டு. அறுபது குடி. ஏரியில் இறால் ஓடும் இடங்களை ஊர் முறைபோட்டுப் பிரித்து வைத்திருந்தது. இன்னாருக்கு இன்ன நாள், இன்ன இடம். அதற்குப் பாடு என்று பெயர். பாடு வந்த நாளில் ஒரு வலைக்கு இரண்டு ஆள் இறங்க வேண்டும். ஒருவன் கழியைப் பிடுங்கிப் பிடுங்கி ஊன்ற, இன்னொருவன் வலையைக் கட்டிக்கொண்டே வர வேண்டும். ஒருவன் நின்றுபோனால் இரண்டு பேருக்கும் அன்றைக்குப் போச்சு. பாடு வரிசையில் பேர் இருக்கிறவன்தான் ஊரில் ஆள். பேர் இல்லாதவன் சேற்றில் கைவலை தள்ளிப் பொடிமீன் பொறுக்க வேண்டியதுதான். கம்பெனிக்காரன் ஐஸ் வேனோடு துறைக்கு வர ஆரம்பித்து, இறாலுக்கு மவுசு வந்த வருஷங்கள் அவை. பாடு வரிசையில் ஒரு பேர் காலியாகாதா என்று கண் வைத்துக்கொண்டு நாலு பேர் காத்திருந்தார்கள்.

நாகமுத்துவுக்குக் குனிந்து கழியைப் பிடுங்கி நிமிரும்போதுதான் அந்த நெஞ்சடிப்பு வரும். அதுவும் பாடு நாளில். மற்ற நாளில் வந்தாலும் அதை யார் பார்த்தார்கள்? பாடு நாளில் வந்தது மட்டும் ஊருக்கே தெரிந்தது. கார்த்திகையில் ஒன்று, இப்போது ஒன்று. குப்பனுக்கு இரண்டு பாடு வீண்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நோயில் விழுந்தவனை ஏரி தாண்டிக் கொண்டுபோனால், அக்கரைத் துறையில் இறக்கியதும் தலையைப் பிடித்து மூன்று முறை தண்ணீருக்குள் அமுக்கி எடுப்பது மேட்டுக்குப்பத்து வழக்கம். ஏரியில் பிடித்தது ஏரியோடு போகட்டும், கரையேறி வரக் கூடாது என்பார்கள். மூணு முழுக்கு என்று அதற்குப் பேர். காய்ச்சல்காரனுக்கும் அதுதான், பேதிக்காரனுக்கும் அதுதான். நாகமுத்துவுக்கு இரண்டு தடவையும் குப்பன்தான் முழுக்குப் போட்டான். இந்தத் தடவை பனி கொட்டும் மார்கழித் தண்ணீரில் மூச்சுத் திணறத் திணற அமுக்கி எடுத்தான்.

படகு மணலில் தட்டியது. கரையில் வலையின் ஓட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தவர்கள் வேட்டியைத்தான் பார்த்தார்கள். ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

“இன்னா நாகமுத்து, டாக்டரம்மா ஊசிய எங்க குத்துனாங்கோ? ஒழுவிக்கினே வர்ற?”

சிரித்தார்கள். செங்கம்மாள் யாருக்கும் முகம் கொடுக்காமல் வீட்டுக்கு நடந்தாள். அவளுக்கும் அவர்களோடு சேர்ந்து சிரிக்க வேண்டும்போல இருந்தது, அதுதான் உண்மை.

மறுநாள் பெரியதனம் செங்கல்வராயன் வந்தார். ஊர்த்தலைவர், பாடு முறையைக் கையில் வைத்திருக்கிறவர். வெற்றிலைச் சாறு இரண்டு கடைவாயிலும் காய்ந்திருக்கும். பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தில் தெறிக்கும். வாசலில் குவிந்திருந்த இறால் தலைகளில் மொய்த்த ஈயைக் காலால் விரட்டிவிட்டுக் குந்தினார்.

“தே பாரு செங்கம்மா. ரெண்டு பாடு பூட்ச்சி. குப்பன் புள்ளகுட்டிக்காரன். மூணாவது பாட்டுக்கும் இவன் நெஞ்சப் புட்சிக்கினு குந்திக்கினான்னா, பேர எட்த்துருவேன். அதான் ஊர்க்கட்டு.”

“நோவுன்னா இன்னா மாமா பண்றது?”

“நோவுன்னா இன்னா நோவு? பேர் சொல்லு. காச்சலா, பேதியா, மஞ்சக்காமாலையா? டாக்டரம்மா எய்திக் குட்கட்டும். பாக்கியநாதன் வாத்தியார வெச்சிப் படிக்கச் சொல்றேன். எய்த்து இல்லாத நோவு பொய் நோவு.” எழுந்து இடுப்பு வேட்டியை இறுக்கினார். “எந்தங்கச்சி மருமவன் வரதன் கல்லு மாரி கீறான். கேட்டுக்கினே கீறான்.”

விஷயம் அதுதான். செங்கம்மாளுக்கும் அது புரிந்தது. ஆனால் அவள் கோபம் பெரியதனத்தின்மேல் போகாமல், உள்ளே பாயில் சுருண்டு கிடந்தவன்மேல்தான் போயிற்று. ஆள் நன்றாக இருந்தால் வரதன் பேச்சு ஏன் வருகிறது?

அவள் அவனுக்கு வைத்தியம் பார்க்காமல் இல்லை. யாரோ சொன்னார்களென்று கெளுத்தி மீனின் பித்தப்பையைப் பச்சையாக அறுத்தெடுத்து, கரும்பச்சையாக ஒழுகுவதை அப்படியே அவன் வாயில் போட்டு விழுங்க வைத்திருக்கிறாள், ஒன்பது நாள். அவன் குமட்டிக் குமட்டி விழுங்குவதைப் பார்க்கும்போது பாதி இரக்கமாக இருக்கும். பாதி, ‘பொய்யா சொல்ற, நல்லா முழுங்கு’ என்றிருக்கும். குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இந்த இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்பது தெரியும்.

“நெஜமாலுமே அடிச்சிக்குதாய்யா?” அன்றைக்குக் கஞ்சி ஊற்றும்போது கேட்டாள்.

“கை வெச்சிப் பாருமே அப்போ. ஒருவாட்டியாச்சும் வெச்சிப் பாத்துக்கிறியா?”

வைத்ததில்லை. அது வரும்போது அவன் உடம்பெல்லாம் பிசுபிசுவென்று ஒரு வேர்வை வேர்க்கும். செத்த மீனைத் தொடுவது அவளுக்குப் பிழைப்பு, ஆனால் அந்த வேர்வையைத் தொட மட்டும் அவளுக்குக் கை வராது.

தை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், பாடு இல்லாத ஒரு காலையில், செங்கம்மாள் வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பனியில் விறைத்த விரலால் தலையைக் கிள்ளி, ஓட்டை உருவி, சதையை அலுமினிய அன்னக்கூடைத் தண்ணீரில் போட்டு அலசுகிற வேலை. இரவெல்லாம் வெளியில் இருந்த தண்ணீர் பல்லைக் கூசவைக்கிற குளிரில் இருந்தது. அதில் இறால் மீசையும் காலும் கசடுமாக மிதந்தன.

நாகமுத்து ஓட்டுக் கூடையைத் தூக்கக் குனிந்தான். நிமிர்ந்தவன் அப்படியே சுவரோரம் குந்திவிட்டான்.

“வந்துட்ச்சி.”

“வரும், வரும். வேலன்னு வந்தா வராத எங்க பூடும்?”

அவள் உரித்துக்கொண்டே இருந்தாள். எதிர்வீட்டுச் செல்லியம்மாள் வந்து, இரண்டு வார்த்தை பேசி, ‘இன்னா, உங்க ஊட்டுக்காரு மறுபடியுமா’ என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாள். அரை மணிக்குமேல் ஆயிற்று. அவன் உதடு வெளுத்திருந்தது. கழுத்துக் குழியில் ஏதோ படபடவென்று துள்ளுவதை அவள் பார்த்தாள். பார்த்தும் பாராததுபோல் இன்னொரு கை இறாலை அள்ளினாள்.

அவன் எட்டி அவள் கையைப் பிடித்தான். இறால் சாறு வடிந்த கையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டான்.

அவளுக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. அடி என்று சொல்ல முடியாது அதை. ஒரு அடிக்கும் மறு அடிக்கும் இடைவெளியே இல்லை. வலைக்குள் சிக்கிய மீன் துடிப்பதுபோல உள்ளே எதுவோ தோலை மோதிக்கொண்டிருந்தது. இதை ஒரு மனுஷன் நடித்துக் காட்ட முடியாது. இரண்டு மாதமாக இதையா பொய் என்றோம்? பயமும் அருவருப்பும் ஒன்றாக வந்து, கையைப் பிடுங்கிக்கொண்டு, என்ன செய்கிறோமென்று தெரியாமலே அன்னக்கூடையைத் தூக்கி அந்தக் கசட்டுத் தண்ணீர் முழுவதையும் அவன் முகத்தில் கவிழ்த்துவிட்டாள்.

நாகமுத்து மூச்சை இழுத்தான். விடவில்லை. பிறகு விட்டான். மீசையில் இறால் கால்கள் தொங்க அவளைப் பார்த்தான்.

“நின்னுட்ச்சிமே.”

அவள் மறுபடி கை வைத்தாள், இந்தத் தடவை தானாகவே. லொட், லொட் என்று வீட்டுக் கடிகாரம்போல அடித்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்து பனைமரத்துக்குப் பின்னால் போனான். போனவன் வருவதாகவே இல்லை. மண்ணில் கொட்டும் சத்தம் நீண்டுகொண்டே இருந்தது. செங்கம்மாள் சிந்திக் கிடந்த இறால் சதையை மண்ணிலிருந்து பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. தண்ணீர். நின்றது. மூத்திரம். துறையில் மூணு முழுக்கு. ஆஸ்பத்திரியில் எழுபத்தெட்டு. வழியெல்லாம் மூத்திரம்.

“த்தூ,” என்றாள், யாரையென்று இல்லாமல். இரண்டு தடவையும் நோயைத் துறையிலேயே கழுவிவிட்டுவிட்டு, வெறும் ஆளை அல்லவா கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் காட்டியிருக்கிறார்கள்!

அன்று சாயந்திரம் அவனிடம் சொன்னாள். சங்கரா மீன் குழம்பு வைத்து, நடுத்துண்டமாகப் பார்த்து அவனுக்குப் போட்டுவிட்டுத்தான் பேச்சை எடுத்தாள்.

“இனிமே முழுக்கு வாணாம்யா. அட்த்தவாட்டி அடிச்சிக்கினே போவணும். அடிக்க சொல்லோ டாக்டரம்மா பாக்கணும்.”

“ரெண்டு மணி நேரமாவும்மே போவறதுக்கு. தண்ணி ஊத்துனா நிக்கிதுன்னு தெரிஞ்சிக்கினு, ஊத்தாம இஸ்துக்கினு போவியா?”

“எய்த்து வேணுமே.”

“நடுவுல செத்துட்டேன்னா?”

“செத்தா எய்த்து வாணாம்,” என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு துண்டம் எடுத்துப் போட்டாள். நாகமுத்து வெகுநேரம் முள்ளையே உருவிக்கொண்டிருந்தான்.

“செரி. ஆனா தம்மாத்தூண்டு தண்ணி சொம்புல கைல வெச்சிக்கோ,” என்றான் கடைசியில்.

தை ஒன்பதாம் நாள் அவர்கள் பாடு. விடிவதற்குள் நாகமுத்துவுக்கு அது வந்துவிட்டது. வாடைக்காற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மூன்றாவது கழியைப் பிடுங்கி நிமிரும்போது நெஞ்சைப் பிடித்தான். குப்பன் காறித் துப்பிவிட்டு வலையைச் சுருட்டினான். கரைக்கு வந்தபோது, செங்கம்மாள் சொம்பும் மாற்றுச் சீலையுமாகத் தயாராக நின்றாள். பெரியதனமும் நின்றார்.

“நானும் வர்றேன். இன்னா கூத்துன்னு பாத்துர்றேன்,” என்று படகில் ஏறிக் குந்திக்கொண்டார்.

ஏரி தாண்டும்வரை நாகமுத்து செங்கம்மாள் மடியில் தலை வைத்துக் கிடந்தான். அவள் கை அவன் சட்டைக்குள்ளேயே இருந்தது, அந்தப் பிசுபிசுத்த வேர்வையின்மேல்.

சுண்ணாம்புகுளம் துறையில் குப்பன் வழக்கம்போல அவன் அக்குளில் கைகொடுத்து இறக்கி, பிடரியைப் பிடித்தான். செங்கம்மாள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“முழுக்கு வாணாம்.”

“இன்னா அண்ணி? வயக்கமாச்சே.”

“அவுரு மூஞ்சில ஒரு சொட்டுத் தண்ணி பட்டுச்சி, நான் சும்மா இருக்க மாட்டேன்.” மாற்றுச் சீலையை நாகமுத்துவின் தலையைச் சுற்றி முகம் தெரியாமல் முக்காடு போட்டாள்.

பெரியதனத்துக்கு முகம் கறுத்தது. “பொம்பள நீ, உனுக்கு இன்னா தெரியும்? ஏரி தோசத்தக் கரையேத்துறியா? நாளைக்கு ஊருல எவனுக்காச்சும் வந்தா நீ பதில் சொல்லுவியா?”

“சொல்றேன். வாங்க போவலாம்.”

“நான் வர்ல. இந்தப் பாவத்துல எனுக்குப் பங்கு வாணாம்.” அவர் ஏரித் தண்ணீரை அள்ளித் தன் முகத்தைத் தான் கழுவிக்கொண்டு படகிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு நெஞ்சு நன்றாகத்தான் இருந்தது.

பஸ் வர முக்கால் மணி ஆயிற்று. கண்டக்டர் முக்காடு போட்ட ஆளைப் பார்த்து, ‘அம்மையா, ஏத்த மாட்டேன்’ என்றான். செங்கம்மாள் அவன் கையையும் பிடித்து நாகமுத்துவின் நெஞ்சில் வைக்கப் போனாள். அவன் பயந்துபோய், ‘பின்னாடி குந்து, யாரு மேலயும் படாத’ என்று விட்டுவிட்டான்.

அந்த ஒரு மணி நேரத்தை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள். ரோடு முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் அவன் முனகினான். ஜன்னலுக்கு வெளியே கழனிகளில் நெல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். தொழிற்பேட்டை வரப்போகிறதென்று கல் நட்டிருந்த பொட்டலில் மாடு மேய்ந்தது. உலகத்தில் எல்லாம் அது பாட்டுக்கு நடந்தது.

“செங்கா. கொஞ்சம் தெளிமே.”

“இன்னும் கொஞ்ச தூரம்யா.”

“கண்ணு இருட்டிக்கினு வர்து. ஒரே ஒரு கை. மூஞ்சில.”

சொம்பு அவள் மடியில்தான் இருந்தது. பனியில் வைத்து எடுத்துவந்த தண்ணீர். பஸ் குலுங்கும்போதெல்லாம் தளும்பி அவள் புடவையை நனைத்தது. தொடை சில்லிட்டது. அள்ளித் தெளித்தால் தீர்ந்தது. அவள் தெளிக்கவில்லை. குடிக்கக் கேட்டான், அதையும் கொடுக்கவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த கிழவர் ஒருவர், ‘தாகத்துக்குத் தண்ணி குடுக்காத பொம்பளைய இப்பத்தான் பாக்கறேன்’ என்று சத்தமாகவே சொன்னார். செங்கம்மாளுக்குத் தன்மேலேயே குமட்டியது. பெரியதனத்தின்மேல், கண்டக்டர்மேல், செவப்பு மருந்துமேல், எல்லாவற்றையும்விடத் தன் கையின்மேல். நோயை ஆற்றத் தெரிந்த கை, ஒரு காகிதத்துக்காகச் சொம்பின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கிரேஸ் நர்சம்மா அவனைப் பார்த்ததும், “மறுபடியும் நீங்களா?” என்றாள். சலிப்போடு மணிக்கட்டைப் பிடித்தாள். எண்ண ஆரம்பித்தவள் நிறுத்தினாள். கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி எண்ணினாள். பிறகு உள்ளே ஓடினாள்.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கட்டிலில் போட்டார்கள். கையிலும் காலிலும் தகட்டைக் கட்டினார்கள். ஒரு பெட்டியிலிருந்து கட்டம் போட்ட காகிதம் நாடாபோல ஊர்ந்து வந்தது. டாக்டரம்மா அதை விரலால் தொட்டு எண்ணி, “இருநூத்திப் பத்து” என்றாள்.

அவன் கழுத்தில் ஒரு பக்கமாக அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். நிற்கவில்லை. கக்கூசில் முக்குகிற மாதிரி மூச்சைப் பிடித்து முக்கச் சொன்னாள். நாகமுத்து வெட்கப்பட்டுக்கொண்டு பாதிதான் முக்கினான். அதற்கும் நிற்கவில்லை. கடைசியில், மருந்து வைக்கிற பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்து பேசின் தண்ணீரில் போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தை அதில் அமிழ்த்தச் சொன்னாள். அவன் அமிழ்த்தினான். பெட்டியின் முள் தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றது. காகிதத்தில் ஒரு விரல்கடை நீளத்துக்கு வெறும் கோடு. செங்கம்மாளின் உயிர் அந்தக் கோட்டில் நின்றது. பிறகு ஒரு மேடு, சாவகாசமாக இன்னொரு மேடு.

“நெஞ்சுல கரண்ட்டு போற வழி குறுக்கால சுத்திக்கிது,” என்றாள் டாக்டரம்மா. இந்தத் தடவை நாகமுத்துவிடமே பேசினாள். “கெட்டுப்போன நெஞ்சு இல்ல, பயப்படாதே. இது நின்னப்புறம் மூத்திரம் நிறையப் போவுமா?”

நாகமுத்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். இந்த அசிங்கம் இவளுக்கு எப்படித் தெரிந்தது?

“போவும்,” என்றாள் செங்கம்மாள்.

“அதுவும் இந்த நோயோட சேர்ந்ததுதான். வெக்கப்பட ஒண்ணுமில்ல. இனிமே வந்தா இவ்வளவு தூரம் ஓடி வரவேணாம்மா. மாத்திரை தர்றேன், தெனமும் போடணும். அப்படியும் வந்தா ஜில்லுனு தண்ணியில மூஞ்சிய வெச்சாலே பெரும்பாலும் நின்னுடும்.”

“தெரியும்மா.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். சொம்பைப் பார்த்தாள். செங்கம்மாளின் நனைந்த புடவையைப் பார்த்தாள்.

“தெரிஞ்சிருந்துமா இவ்வளவு நேரம் இந்த ஆளை இப்படியே வெச்சிருந்தே? என்ன பொம்பள நீ?” முகத்தைச் சுளித்தாள். அந்தச் சுளிப்பு செங்கம்மாளுக்குப் பழக்கமானதுதான். அவள் அதைத் தன் புருஷன்மேல் எத்தனையோ நாள் பிரயோகித்திருக்கிறாள்.

“நின்னப்புறம் ரெண்டுவாட்டி இட்டாந்தேன். நீங்க நம்புனீங்களாம்மா?”

டாக்டரம்மா கட்டம் போட்ட காகிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். கிரேஸ் நர்சம்மா பேசினை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பிறகு, செங்கம்மாள் ஊர்ச் சேதியைச் சொல்லிக் கேட்டுக்கொண்டதும், டாக்டரம்மா தமிழிலேயே, பெரிய பெரிய எழுத்தாக ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்ப்பும் குத்திக் கொடுத்தாள்.

மறுநாள் வெயில் சாய்ந்த நேரத்தில் ஏரிக்கரை மணலில் ஊர் கூடியது. ஆண்கள் வட்டமாகக் குந்தினார்கள். பெண்பிள்ளைகள் படகுகளுக்குப் பின்னால். செங்கம்மாள் மட்டும் புருஷன் பக்கத்தில் போய் நின்றாள். பாக்கியநாதன் வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். “இவருக்கு இருதயத் துடிப்பு திடீர் திடீரென மிகையாகும் நோய் இருப்பதைக் கருவி மூலம் கண்டேன். இது பாசாங்கு அன்று. மருந்து உட்கொண்டு, துணையோடு வழக்கமான தொழில் செய்யலாம்.”

செங்கம்மாளுக்கு நெஞ்சு நிறைந்தது. ‘பாசாங்கு அன்று’ என்ற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொல்லலாமா என்று நினைத்தாள்.

பெரியதனம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்தார்.

“ஆக, நோவு நெஜம்.”

“நெஜம்தான் மாமா.”

“நெஞ்சு நோவுக்காரன்னு நீயே எய்திக்கினு வந்துட்ட. ஏரி நடுவுல வலைய கட்டிக்கினு இர்க்க சொல்லோ இவன் உயிரு பூட்ச்சின்னா, பழி குப்பன் மேல. அத்தொட்டு நாகமுத்து பேர எட்த்துட்டு வரதன் பேர சேக்கறேன். முழுக்குப் போடாம கரையேறுனதுக்கு ஊருக்குத் தப்புப் பணம் வேற கட்டணும்.”

“துணையோட தொழில் செய்யலாம்னு எய்திக்கிதே மாமா! வாத்தியாரே, சொல்லுங்க!”

வாத்தியார் கடிதத்தை மடித்தார். அவருக்குச் சாப்பாடு பெரியதனம் வீட்டில். பெரியதனம் கடிதத்தை வாங்கி நாகமுத்துவின் பக்கமாகப் போட்டார். அது மணலில் விழுந்தது.

பொய் என்றால் பொய்யனுக்குப் பாடு இல்லை. நிஜம் என்றால் நோயாளிக்குப் பாடு இல்லை. இதற்காகவா ஒரு மனுஷனை இரண்டு மணி நேரம் துடிக்கவிட்டேன்? செங்கம்மாளுக்கு வாயெல்லாம் கசந்தது, கெளுத்திப் பித்தம்போல.

நாகமுத்து கடிதத்தை எடுக்கக் குனிந்தான். நிமிரும்போது அவன் கை நெஞ்சுக்குப் போவதை அவள் பார்த்தாள்.

“யோவ், தண்ணி கொண்டாங்கய்யா!” என்று பெரியதனமே பதறிப்போய் எழுந்தார்.

“யாரும் தண்ணி கொண்டாராதீங்க,” என்றாள் செங்கம்மாள். அவன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். “வாங்க. ஒருத்தரா வந்து கை வெச்சிப் பாருங்க. எய்த்துதான வாணும்னீங்கோ? இங்க கீது. மாமா, மொதல்ல நீங்க வாங்க.”

பெரியதனம் நகரவில்லை. குந்தியிருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து குந்தினார்கள். வரதன், தொடாத கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான். குப்பன் மட்டும் எழுந்து வந்தான். வேர்த்துப் பிசுபிசுத்த நெஞ்சில் கையை வைத்தான். வைத்தவன் எடுக்கவே இல்லை. அவன் வாய் கோணியது.

“அய்யய்யோ அண்ணே… இத்தையா நான் தண்ணில அமுக்கி அமுக்கி… பெரியதனம், நெஜம்யா!”

“நெஜம்னுதான்டா பேர எட்க்கறோம்!” என்று பெரியதனம் கத்தினார்.

அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? வாத்தியார் எழுந்து போய்விட்டார். மற்றவர்கள் போகவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை. நாகமுத்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். குப்பன் கையை எடுக்காமலே கூட இருந்தான். வெயில் ஏரிக்கு அந்தப் பக்கம் இறங்கிக் காற்றில் குளிர் ஏறியது. பிறகு நாகமுத்து தானாகவே எழுந்து தண்ணீருக்குள் நடந்தான். முழங்கால் ஆழத்தில் நின்று, யாரும் பிடரியைப் பிடிக்காமல், தானே மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தை அமிழ்த்தினான். ஒன்று. இரண்டு. மூன்றாவது தடவை நிமிர்ந்து, கரையைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினான்.

அடுத்தது என்ன வருமென்று செங்கம்மாளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அவன் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேட்டியை விலக்கினான்.

“சீ!” என்றார் பெரியதனம். “சபை குந்திக்கினு கீது, கஸ்மாலம் பண்ற வேலையப் பாரு!”

“குந்துங்க மாமா. அவுரு முடிக்கட்டும்.”

செங்கம்மாள் புடவையைச் சொருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிப் போய் அவன் பக்கத்தில் நின்றாள். அது நீண்டுகொண்டே போயிற்று. குளிர்ந்த தண்ணீருக்குள் அவள் கால்விரல்களைச் சுற்றி வெதுவெதுவென்று வந்து நின்றது. அவள் காலைத் தூக்கவில்லை.